எழுதுகோல் மலை தெரியும் இடம்

கஷ்கொட்டைப் பள்ளத்து மலைச்சரிவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சமாதி மண்மேடுகள் இருந்தன. ஒன்று பைன் மரத்தடியில், மற்றது கஷ்கொட்டை மரத்தடியில். நடுவே முப்பது அடி இருந்தால் அதிகம். கஷ்கொட்டை மரத்தடி மேட்டில் ஹக்சு நாற்பது வருடமாகப் புல் அறுத்துவந்தார். அது அவருடைய அம்மா. பைன் மரத்தடி மேட்டில் மலைக்கு அந்தப்பக்கத்துப் பேரித்தோட்டக்காரன், நாம் என்று பெயர், அறுத்துவந்தான். அது அவனுடைய பெரியப்பா. இலையுதிர்கால முழுநிலாத் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மலையேறுவார்கள். ஒருவர் அரிவாள் சத்தம் மற்றவருக்குக் கேட்கும். வேலை முடிந்ததும் நடுவில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு கிண்ணம் அரிசிக் கள் குடித்து, அந்த வருஷத்து மழையைத் திட்டிவிட்டு, அவரவர் பக்கம் இறங்கிப் போவார்கள். இப்படியே அவர்களுக்குக் கிழடு தட்டிவிட்டது.

அந்த நாம்தான் வசந்தகாலத்தில் ஒரு நாள் காலை, கையில் கள் பாட்டிலோடு ஹக்சுவின் பிளாஸ்டிக் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றான்.

"அண்ணே, உள்ள இருக்கீங்களா?"

"வா. வந்துட்டு மறைப்ப மூடு. காத்து பட்டா நாத்து சுருண்டுக்கும்."

ஹக்சு குந்தியபடி மிளகாய் நாற்றுகளின் அடி இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. முழங்கால் மடங்கினால் நிமிர நேரமாகும் என்பதால் வரிசை முடியாமல் எழுந்திருக்க மாட்டார். உள்ளே வெக்கையும் ஈர மண் வாசனையுமாக இருந்தது. நாம் எதிர் வரிசையில் குந்தி, கேட்காமலே இலை கிள்ளத் தொடங்கினான்.

"திருநாளுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. கள்ளோட வந்திருக்க."

"ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"கோவப்படுற விஷயமா இருந்தா படுவேன்."

நாம் இரண்டு நாற்று தாண்டினான். "இத்தன வருஷமா நீங்க புல்லு அறுத்தது எங்க பெரியப்பாவுக்குன்னு தோணுதுண்ணே."

ஹக்சு நிமிரவில்லை. "நல்ல இலையக் கிள்ளாத. மஞ்சளா இருக்கறத மட்டும் கிள்ளு."

"சியோல்ல இருந்து எங்க சித்தப்பா மகன் வம்சப் புத்தகத்த எடுத்துட்டு வந்திருந்தான். பெரியப்பா பேருக்கு நேரா எழுதியிருக்கு: கஷ்கொட்டைப் பள்ளம், தல வடக்கு, கால் தெக்கு. திசைகாட்டி வச்சுப் பாத்தோம். நான் அறுக்கற மேடு கெழக்க பாத்துக் கெடக்கு. உங்க மேடுதான் வடக்கு தெக்கா கெடக்கு."

"அந்தப் புயல்ல மலையே சரிஞ்சுது. எங்க வீட்டு வாசலே அதுக்கப்புறம் கோணிக்கிட்டுத்தான் நிக்குது. மேடு திரும்பாதா?"

"அதத்தான் நானும் சொன்னேன். அவன் கேக்க மாட்டேங்கறான். சியோல்ல இருக்கறவனுக்கு மலை சரியுமா, கட்டடந்தான் சரியும்."

"அப்ப எங்கம்மா எங்க?"

"பைன் மரத்தடியில இருக்கலாம்."

"இருக்கலாமா?"

நாம் கள் பாட்டிலை வரப்பில் நட்டு வைத்தான். அதை இருவருமே தொடவில்லை.

பள்ளத்தின் குறுக்கே புதுச் சாலை வருகிறது. மேடுகளின் அருகே சிவப்புக் குச்சிகள் நட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆள் வராத மேட்டையும், இரண்டு வீட்டார் கேட்கிற மேட்டையும் சாலை அலுவலகமே தோண்டி, எரித்து, ஊர்ப் பெயர் தெரியாத ஒரு பொதுக் கிடங்கில் எண் போட்டு வைத்துவிடும். பிணத்தை எழுப்பி இடம் மாற்றுவதற்கு எல்லா மாதமும் ஆகாது. பன்னிரண்டுக்கு மேல் ஒன்றாக, கணக்கில் சேராமல் வருகிற மிகை மாதம்தான் ஆகும். அந்த மாதத்தில் தெய்வங்கள் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இந்த மிகை மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அடுத்தது வருவதற்குள் சாலையில் லாரி ஓடும்.

"பரிசோதன பண்ணலாம்னு அவன் சொல்றான். எலும்பு கிலும்பு," என்றான் நாம்.

"அதுக்குத் தொறக்கணும். அடுத்தவன் வீட்டு மேட்டத் தொறந்துட்டு, ஐயோ மன்னிச்சுக்கோன்னு மூடவா? நீ பண்ணுவியா?"

"மாட்டேன்."

"அப்ப பேசாத."

நாம் போன பிறகும் ஹக்சு அந்த வரிசையை முடித்தார். முடித்த பிறகுதான் நல்ல இலைகளையெல்லாம் தானே கிள்ளிப் போட்டிருப்பதைப் பார்த்தார்.

*

மதியம் அவர் மனைவி சுன்னே, வரப்பில் பறித்த மாசிப்பத்திரிக் கொழுந்தைப் போட்டு சோயா விழுதுக் குழம்பு வைத்திருந்தாள். வசந்தத்தில் அதற்காகவே காத்திருக்கிறவர் ஹக்சு. அன்று சோற்றை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தார்.

"மிரான் அப்பா, கொழம்பு ஆறுது."

"ம்."

"நாம் வந்துட்டுப் போனதப் பாத்தேன். கள்ளுப் பாட்டில் அப்பிடியே இருக்கு. நீங்க கள்ளுத் தொடலன்னா ஒண்ணு வயித்து வலி, இல்ல எழவு."

அவர் சொன்னார். சுன்னே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவளும் அந்தக் கஷ்கொட்டை மரத்தடி மேட்டுக்குக் கள்ளும் காய்ந்த மீனும் கொண்டுபோய்ப் படைத்து விழுந்து கும்பிட்டிருக்கிறாள். பார்த்தேயிராத மாமியாரிடம் வாய்விட்டுச் சில விஷயங்கள் சொல்லியும் இருக்கிறாள்.

"அது நாமோட பெரியப்பாவா?" என்றாள். "கல்யாணமாகாத ஆளுதான அவரு? போங்க. நான் என்னென்னவோ சொல்லி வச்சிருக்கேன்."

ஹக்சுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்கு எடம் காட்டினது யாரு? அத யோசிங்க."

அதைத்தான் அவர் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா செத்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. சவூதியில் துறைமுகம் கட்டும் வேலையில் இருந்தார். தந்தி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது மூன்று வருடம் ஓடியிருந்தது. இடையில் புயலில் மலை சரிந்து, மேட்டின் முன்னால் நட்ட மரப்பலகை போயிருந்தது. வந்த அன்றே அண்ணனிடம் கேட்டது மேட்டைப் பற்றி அல்ல. கம்பளியைப் பற்றி. குளிர்காலத்தில் அம்மாவுக்கு இடுப்பு பிடிக்கும் என்று, அங்கே கடைத்தெருவில் நல்ல சிவப்பில், கை வைத்தால் புதையும்படி ஒரு கம்பளி வாங்கி அனுப்பியிருந்தார். வீட்டில் பெட்டியில் இல்லை, அலமாரியில் இல்லை. கேட்டதற்கு அண்ணன் வாய் திறக்கவில்லை. "வித்துட்ட" என்று ஹக்சு சொன்னார். அதற்கும் அண்ணன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மேட்டைக் காட்டக் கூட்டிப்போன அண்ணன் மலையேறவில்லை. கீழே வண்டித்தடத்தில் நின்றுகொண்டு மோவாயை உயர்த்திக் காட்டினார். "அந்தா, மரத்தடியில." எந்த மரம் என்று ஹக்சு திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் பேசுவதுபோல் ஆகிவிடும். கஷ்கொட்டை மரம் அப்போது பூத்திருந்தது. கண்ணில் பட்டது அதுதான். அடுத்த வசந்தத்தில் அண்ணன் பூசானுக்குச் செருப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அங்கேயே பிள்ளைகுட்டி இல்லாமல் செத்தார். பாடை தூக்கின ஊர்க்காரர்களில் மிச்சமிருப்பது ஒரே ஒருவர். அவரிடம் போன வாரம் யாரோ கேட்டதற்கு, ஹக்சுவின் அம்மா உயிரோடு சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னாராம்.

"மிரானக் கேக்கலாம்," என்றாள் சுன்னே. "அவ வேல பாக்கற எடத்துல பழசெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்கல்ல."

"அங்க என்ன இருக்கு? ஊறுகா ஜாடி ஏன் குண்டா இருக்குன்னு ஒருத்தன் ஆறு வருஷம் எழுதினானாம். வயிறு நெறஞ்சவன் வேல."

"நீங்க சாப்பிடாம உக்காந்திருக்கீங்க. வயிறு நெறஞ்சவனத்தான் இப்பக் கேக்கணும்."

*

அவர்களுடைய மகள் மிரான் நகரத்துப் பல்கலைக்கழகத்து ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாததையும், நிலவறையில் வேலை பார்ப்பதையும் ஹக்சு ஒரே குறையாகச் சேர்த்தே சொல்லுவார். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். ஹக்சு பூண்டு வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சுன்னே போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். அவர் கை முழுக்க மண்.

"அப்பா, செத்த வீடு, மேடு, வம்சம், ஊர்ப் பேரு, எல்லாத்துலயும் தேடிட்டேன். ஒண்ணும் இல்ல."

"நான்தான் சொன்னேன்ல."

"முழுசாக் கேளுங்க. இன்னிக்கு வேற ஒருத்தருக்காக நாத்து நடுற பாட்டு எடுக்கப் போனேன். வேலைப் பாட்டு அலமாரி. நாத்து, கதிர் அடிக்கறது, வலை இழுக்கறது, அதுக்கு அடுத்தாப்ல ஒரு பெட்டி. மேல எழுதியிருக்கு: தூக்குதல், மிதித்தல். கஷ்கொட்டைப் பள்ளம். வருஷம் பாட்டி செத்த வருஷம்."

"என்னத்தத் தூக்கினாங்க?"

"பாடையத்தான்ப்பா. இசைத் துறையில படிச்ச ஒரு பொண்ணு அறுவடைப் பாட்டு பதியறதுக்காக நம்ம ஊருக்கு வந்திருக்கு. வந்த எடத்துல சாவு. பாடை தூக்கறப்ப பாடறதையும் குழிய மூடி மண்ணு மிதிக்கறப்ப பாடறதையும் பதிஞ்சிருக்கு. அதுக்கு அது வேலப் பாட்டாத்தான் பட்டிருக்கு."

ஹக்சு மண்வெட்டிப் பிடியைப் பற்றிக்கொண்டார். "நீ கேட்டியா?"

"கேக்க முடியாது. பெட்டி மேல சீட்டு ஒட்டியிருக்கு. துக்க வீட்டுக்காரங்க வந்து கேட்டா மட்டும்தான் தொறக்கணும்னு. நான் இங்க வேல பாக்கறவ, எனக்கே நான் எடுத்துக் குடுக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர் தன் பேர் முத்திரையோட வரணும். நீங்கதான்."

"எவன் ஒட்டினான் அந்தச் சீட்ட?"

"உங்கண்ணன், பெரியப்பா சொல்லித்தான் ஒட்டினதா எழுதியிருக்கு."

*

மறுநாள் ஹக்சு, மகள் படிப்பு முடித்த அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, முத்திரையை மூன்று முறை பையில் தொட்டுப் பார்த்தபடி பேருந்தில் போனார். சுன்னேயும் கூட வந்தாள். காப்பகத்துப் பொறுப்பாளருக்கு என்று அவித்த முட்டையும் கொழுந்து போட்ட அரிசிப் பணியாரமும் துணியில் கட்டி வந்திருந்தாள். "உள்ள தின்ன விடமாட்டாங்கம்மா" என்றாள் மிரான். "வெளிய வந்து திங்கட்டும்" என்றாள் சுன்னே.

நிலவறை குளிர்ந்திருந்தது. அவர் நினைத்ததுபோல் தூசி இல்லை. நாற்றுக் கூடாரத்தில் இருப்பதுபோல் சுவரில் வெப்பமானியும் ஈரமானியும் தொங்கின. அதைப் பார்த்ததும் அவருக்கு அந்த இடத்தின்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"எவ்வளவு ஈரம் வைக்கறீங்க?"

"நாப்பத்தஞ்சு."

"மொளகாய்க்குப் பத்தாது."

"காகிதத்துக்குப் போதும்ப்பா."

அலமாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். மிரான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனாள். கோயில் கூரை ஓடுகளின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்தெடுத்த படிகள். மழைக்கு ஊருக்கு ஊர் என்ன பெயர் என்று கேட்டெழுதிய நாலாயிரம் அட்டைகள். அடுப்படித் தெய்வத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிற வீடுகளின் கணக்கெடுப்பு. நாடக முகமூடிகளுக்குப் பூசிய நிறங்களின் மாதிரி. சந்தையில் மாட்டுத் தரகர்கள் விரல் பிடித்துப் பேசுகிற பேச்சு. சிறுமிகள் கயிறு தாண்டும்போது எண்ணுகிற முறை. ஊறுகாய் ஜாடிகள் மட்டும் இரண்டு அலமாரி. சுன்னே அங்கே நின்றுவிட்டாள்.

"இது நம்ம வீட்டு ஜாடி மாதிரியே இருக்கு. ஏன் குண்டா இருக்காம்?"

"வடக்க போகப் போக வாய் அகலம். வெயில் கம்மி, அதனால. தெக்க வயிறு குண்டு, வாய் சின்னது."

"பாத்தீங்களா," என்று சுன்னே கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "தெக்கத்திக்காரங்களுக்கு வாய் சின்னதாம்."

ஹக்சு தாளில் முத்திரை வைத்தார். முத்திரை சாய்ந்து விழுந்தது. இன்னொரு தாள் கேட்டார். இதுவே போதும் என்றாள் மிரான். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஒலிநாடாவை ஓட்டினாள்.

முதலில் வெறும் இரைச்சல். அது மழை என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கைமணி. பிறகு முன்பாட்டுக்காரரின் குரல். ஹக்சுவுக்கு அந்தக் குரலின் ஆள் உடனே நினைவுக்கு வந்தார். ஓடைக்கரைக் கொல்லர், ஒரு கண் சிறியது. அவர் ஒரு வரி பாட, தூக்குகிறவர்கள் மூச்சிரைக்கத் திருப்பிச் சொன்னார்கள்.

*எஹே எஹே, கல்லுப்பாலம் வந்தாச்சு,*
*கால வைப்போம் பாத்து வைப்போம்.*
*மூத்தவன் வாறான் கோலூணி,*
*இளையவன் இருக்கான் மணலூரில,*
*மணிச்சத்தம் அங்க கேக்காது.*

சுன்னே அவரைப் பார்க்காமல் மடியிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தாள். பின்னால் யாரோ அழுவது கேட்டது. துக்கக்காரன் முறைப்படி அழுகிற அழுகை இல்லை. நடுநடுவே மூக்கை உறிஞ்சி, நின்று, மறுபடி தொடங்குகிற அழுகை.

"எங்கண்ணன்," என்றார் ஹக்சு.

பாடை இடையில் ஒரு முறை நின்றது. தூக்குகிறவர்கள் கள் வந்தால்தான் நகர்வோம் என்று வம்பு செய்தார்கள். யாரோ சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள். மறுபடி மணி. பாதை ஏறுகிறது என்பது குரல்களிலேயே தெரிந்தது. நாடாவின் மறுபக்கத்தில் மண் விழுகிற சத்தம். கொல்லர் இப்போது வேறு மெட்டில், கால்கள் சேர்ந்து மிதிக்கிற தாளத்தில் பாடினார்.

*மிதியப்பா மிதி, எஹே மிதி,*
*எதுக்கப் பாத்தா எழுதுகோல் மலை,*
*இடது கைக்குத் தவளைப் பாறை,*
*ஓடைச் சத்தம் காதுக்கு உண்டு,*
*ஓடைத் தண்ணி கண்ணுக்கு இல்லை.*

ஹக்சு கையை உயர்த்தினார். "நிறுத்து. அத மறுபடி போடு."

மூன்று முறை போட்டார்கள். மூன்றாம் முறை அவர் கண்ணை மூடிக்கொண்டார். கஷ்கொட்டை மரத்தடி மேட்டில் புல் அறுத்த நாற்பது இலையுதிர்காலங்களிலும் கீழே ஓடைத் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு இருக்குப்பா," என்றாள் மிரான். பெட்டியின் அடியிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தாள். அந்த மாணவியின் சின்னச் சின்ன எழுத்து. மிரான் மெதுவாகப் படித்தாள். "'பெண் என்பதால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொன்னார்கள். மூத்த மகன்தான் வரவிட்டார். சவப்பெட்டியை மூடுமுன் அவர் உள்ளே ஒரு சிவப்புக் கம்பளியை வைத்ததைப் பார்த்தேன். மக்காத துணி கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று நிலம் பார்ப்பவர் சொல்லியிருந்தார். மகன் என்னிடம் வந்து சொன்னார்: தம்பி அனுப்பியது, அம்மா ஒரு தடவைகூடப் போர்த்தவில்லை. வெறும் சணல் துணியோடு அனுப்ப மனசு வரவில்லை. நீ பார்த்ததை ஊரில் யாருக்கும் சொல்லாதே. எங்கள் வீட்டு ஆட்கள் வந்து கேட்டால் மட்டும் சொல். எழுதிக்கொடுத்தேன்.'"

ஹக்சு கோட்டுப் பையில் முத்திரையைத் தேடுவதுபோல் தேடினார். அது மேசைமேல்தான் இருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றார் கடைசியில்.

"வித்துட்டன்னு நீங்க சொன்னீங்க," என்றாள் சுன்னே. "அதுக்கப்புறம் எந்த மனுஷன் சொல்லுவான்?"

*

மறுநாள் காலை நாமும் வந்தான். சியோல் தம்பி திசைகாட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருப்பானோ என்று ஹக்சு பயந்திருந்தார். அவன் வரவில்லை. மிரான் நாடாவின் நகலைப் போனில் வைத்திருந்தாள். கல்லுப்பாலத்திலிருந்து தொடங்கினார்கள். கல் போய் சிமெண்ட் வந்திருந்தது, இடம் அதுதான். பாட்டை ஓடவிட்டு அதன் நடைக்கு நடந்தார்கள். பாடை நின்ற இடத்தில் நாமும் நின்றான்.

"கள்ளு வந்தாத்தான் நகருவேன்."

"நடடா. மேல போய்த் தாரேன்."

தவளைப் பாறைக்கு மேலே ஏறினார்கள். ஹக்சு முதலில் கஷ்கொட்டை மரத்தடிக்குப் போய், மேட்டுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். எதிரே மலைத்தோள் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. கீழே வளைவில் ஓடை வெயிலில் மின்னியது. எழுதுகோல் மலை இல்லை. எழுந்து முப்பது அடி நடந்து பைன் மரத்தடிக்குப் போனார். உட்கார்ந்ததும் பைன் கிளை முகத்தில் அடித்தது. நாம் அரிவாளால் கிளையை வெட்டினான்.

மலைத்தோள் விலகிக்கொண்டது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், மை தொட்டு நிமிர்த்திப் பிடித்ததுபோல் எழுதுகோல் மலை நின்றது. இடது பக்கம் தவளைப் பாறை. ஓடையைக் காணோம். சத்தம் மட்டும் வந்தது.

ஹக்சு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அப்ப முப்பது வருஷத்துக்கு மேல உங்கம்மாவுக்கு நான் புல்லு அறுத்திருக்கேண்ணே."

"உங்க பெரியப்பாவுக்கு நான் கள்ளு ஊத்தியிருக்கேன்."

"அவரு இருபது வயசுல செத்தவரு. எங்க தாத்தாவுக்குப் பயந்து கள்ளே தொட்டதில்லையாம்."

"இப்ப நல்லாக் குடிப்பாரு. நாப்பது வருஷப் பழக்கம்."

சுன்னே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மிரான் பக்கத்தில் போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அறுத்தியா?" என்று ஹக்சு நாமிடம் கேட்டார்.

"ரெண்டு தடவ புதுப் புல்லு வாங்கிப் பதிச்சேன். ஒரு வருஷம் இயந்திரம் வச்சதுல மண்ட கொஞ்சம் வழிச்சுக்கிட்டு வந்துருச்சு. அது மட்டும் மன்னிச்சுக்குங்க."

"எங்கம்மா முடி வாரமாட்டா. பரவால்ல."

மறுநாள்தான் திறக்கப் போகிறார்கள். திறக்கிற மேட்டுக்குப் புல் அறுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஹக்சு நாமின் அரிவாளை வாங்கி, மண்டையிலிருந்து தொடங்கி, சுற்றிலும், காதோரம்போல இரண்டு பக்கமும் நிதானமாக அறுத்தார். நாம் கஷ்கொட்டை மரத்தடிக்குப் போனான். ஒருவர் அரிவாள் சத்தம் மற்றவருக்குக் கேட்டது.

*

திறக்க வந்த மூன்று ஆட்களும் விடியும் முன்னே வந்துவிட்டார்கள். மேட்டில் மண்வெட்டியால் தட்டி, "திறக்கிறோம்" என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னார்கள். வெயில் படாமல் வெள்ளைத் துணியை மேலே விரித்துப் பிடிக்க மிரானும் சுன்னேயும் நின்றார்கள். மேல்மண் கறுப்பு, பிறகு மஞ்சள், பிறகு ஈரக் களிமண். ஹக்சு ஓரத்தில் குந்தியிருந்தார். பாட்டு இருந்தது, மலை இருந்தது, குறிப்பேடு இருந்தது. இருந்தாலும் அவருக்குச் சந்தேகம் போகவில்லை. இந்த மலை சரிந்தாலும் எதிரே நிற்கிற மலை நகராது. உள்ளே இருப்பவர் நகர்ந்திருக்கலாம்.

மண்வெட்டிக்காரர் நின்றார். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினார்.

களிமண்ணுக்குள் சிவப்பு தெரிந்தது. பலகை மக்கிப் போயிருந்தது, சணல் துணி மக்கிப் போயிருந்தது. அது மட்டும் அன்று கடையில் பார்த்த அதே சிவப்பாக இருந்தது.

"யாரு இத உள்ள வச்சது?" என்றார் மண்வெட்டிக்காரர் எரிச்சலோடு. "இது மக்காதே. ஆயிரம் வருஷம் ஆனாலும் மக்காது."

"எங்கண்ணன்," என்றார் ஹக்சு. "எங்கண்ணன் வச்சாரு."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு மண்வெட்டிக்காரர் மறுபடி குனிந்து மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.

மதியத்துக்குள் இரண்டு மேடுகளும் வெறும் குழிகளாகிவிட்டன. நாமின் பெரியப்பாவும் ஹக்சுவின் அம்மாவும் காகிதம் சுற்றி, ஆளுக்கொரு பெட்டியில், பேர் எழுதி, தவளைப் பாறை நிழலில் இருந்தார்கள். கம்பளியை எரிக்கலாமா என்று கேட்டதற்கு, ஓடையில் அலசித் தருகிறேன் என்று சுன்னே வாங்கிக்கொண்டாள். அவித்த முட்டை, கிம்ச்சி ஊறுகாய், பணியாரம் எல்லாம் எடுத்து வைத்தாள். ஹக்சு ஐந்து நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். மூன்றாவது முட்டையை உரித்தபோது மிரான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"அப்பா, அந்தப் பெட்டி இனிமேயும் மூடியே இருக்கணுமா, தொறந்து விடலாமான்னு நீங்கதான் சொல்லணும். தொறந்தா யாரு வேணா வந்து கேப்பாங்க."

"கம்பளி விஷயமும் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

அவர் முட்டையைப் பாதி கடித்து மென்றார். "படிக்கட்டும். தொற."

முத்திரை இந்த முறை நேராக விழுந்தது. மிரான் தாளை மடிக்காமல் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. அது வேலைப் பாட்டு அலமாரியில இருந்ததாலதான் இத்தன நாளாக் கண்ணுல படல. சாவுச் சடங்குன்னு வேற அலமாரி இருக்கு. அங்க மாத்தச் சொல்லி எழுதட்டுமா?"

ஹக்சு கீழே பாதையைப் பார்த்தார். மழையில் அந்தச் சரிவில் பன்னிரண்டு பேர் ஒரு பாடையைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஏறியிருக்கிறார்கள். ஒருத்தி கனமான பதிவுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"மாத்த வேணாம்," என்றார். "தூக்கினாங்க, மிதிச்சாங்க, அவ எழுதினா. வேலதான. அங்கயே இருக்கட்டும்."

பிறகு, நாம் இன்னும் கள் ஊற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார். நாம் முதல் கிண்ணத்தை ஊற்றி எழுந்து, வாயில் வைக்காமல், தவளைப் பாறை நிழலுக்குக் கொண்டுபோனான். பழக்கத்தில் ஹக்சுவின் அம்மா பெட்டிக்கு முன்னால்தான் வைத்தான்.